பட்டறைப் பக்கம்: நாலு ராடு, எட்டு போல்ட்!

என் பட்டறைக்கு முதல்முறையாக வருகிறவர்கள் எல்லோரும் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் ஓர் உடைந்த இரும்புத் துண்டைப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, திருஷ்டிக்கு மாட்டுனதா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். முழுக் கதை சொல்ல எல்லா நேரமும் மனசு வராது.

போன மாதம் அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது.

இருபது வருஷமாக என்னிடம் வண்டி விடும் ஒருவர், மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். வீட்டில் சும்மா நிற்கும் பழைய மாருதி எஸ்டீமை ட்ராக்கில் ஓட்டும் காராக மாற்ற வேண்டுமாம். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நண்பர்களோடு ஓட்டிப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

“மாமா, ஃபோர்ஜ்டு ராடு போடணும். ஐ-பீமா, எச்-பீமா, எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. ஆர்டர் போட்டுடறேன்” என்று போனை நீட்டினான். அதிலிருந்த விலை, அவனுடைய ஒரு செமஸ்டர் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் கம்மி.

அப்பா போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “அண்ணா, எனக்கு ஐ-யும் தெரியாது, எச்-சும் தெரியாது. எதைப் போட்டா இவன் பத்திரமா வீடு வந்து சேருவான்? அதை மட்டும் சொல்லுங்க.”

இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பது பையனுக்குப் புரிய அரை நாள் ஆனது.

தையல் மிஷினில் பார்த்திருப்பீர்கள்

காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. பாட்டி வீட்டில் கால் தையல் மிஷின் இருந்திருக்கும். மிதியை மேலும் கீழும் மிதித்தால், பக்கத்தில் ஒரு கம்பி ஏறி இறங்கும், சக்கரம் சுற்றும். அந்தக் கம்பி செய்யும் வேலைதான் எஞ்சினில் கனெக்டிங் ராடுக்கும். ஒரு முனை பிஸ்டனோடு, இன்னொரு முனை கிராங்க்கோடு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தை ராடு சுற்றலாக மாற்றிக் கொடுக்கிறது. எஸ்டீமில் நாலு சிலிண்டர், நாலு ராடு. ஒவ்வொரு ராடின் கீழ்முனையும் கிராங்க்கைக் கட்டிப்பிடிக்க இரண்டு துண்டாக இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது இரண்டு போல்ட். ஆக மொத்தம் எட்டு போல்ட். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு ஆர்.பி.எம். சுத்தப்போற?”

அவன் ஹார்ஸ்பவரைச் சொன்னான். விற்கிறவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள்: ‘இந்த ராடு இத்தனை ஹார்ஸ்பவர் தாங்கும்’ என்று. பவர் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். பெட்ரோல் வெடித்துத் தள்ளும்போது ராடு நசுங்குகிறது. எஸ்டீமின் பிஸ்டன் குறுக்களவு 74 மி.மீ. டர்போ இல்லாத எஞ்சினிலேயே வெடிக்கிற கணத்தில் 70 பார் அளவுக்கு அழுத்தம் வரும். அப்படியானால் பிஸ்டன் தலையில் சுமார் 3 டன். ஆனால் எஃகு, நசுக்குவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் ஜாதி. அதை வேறு ஒன்று கொல்கிறது. இழுவை.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? பஸ் நின்றுவிடும், நாம் நிற்கமாட்டோம். பிஸ்டனும் அப்படித்தான். மேலே பறந்து வருகிறது. உச்சியில் ஒரு கணம் நின்று கீழே திரும்ப வேண்டும். அதைப் பிடித்து இழுத்துத் திருப்புவது ராடு. பெட்ரோல் வெடிக்கிற சுற்றில் மேலிருந்து வாயு கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். புகையை வெளியே தள்ளும் சுற்றில் மேலே தலையணை எதுவும் இல்லை. முழு இழுவையும் ராடுக்குத்தான், அதிலும் கடைசியில் அந்த இரண்டு போல்ட்டுக்குத்தான்.

எவ்வளவு இழுவை? மேஜையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிஸ்டன், ரிங், பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டீமில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மி.மீ. 6,000 ஆர்.பி.எம்.மில் அந்த 400 கிராம், உச்சியில் சுமார் 800 கிலோவாக இழுக்கும். ஒரு மாருதி 800 காரை ராடில் கட்டித் தொங்கவிட்டதைவிட அதிகம். இது வினாடிக்கு 50 தடவை நடக்கிறது.

“இப்ப 8,000-க்குப் போ” என்றேன். பையனே போட்டான். கிட்டத்தட்ட 1,400 கிலோ!

வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு. இழுவை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு இது. அதனால்தான் ஃபார்முலா ஒன் எஞ்சின்களில் பிஸ்டன் ஓடும் தூரத்தைச் சுருக்கினார்கள். 2.4 லிட்டர் வி-8 காலத்தில் 18,000 ஆர்.பி.எம். வரை சுற்றிய அந்த எஞ்சின்களில் பிஸ்டன் ஓடியது சுமார் 40 மி.மீ.தான். 1990-ல் வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரில் டைட்டானியம் ராடு போட்டதும் இதே காரணத்துக்குத்தான். ராடு இளைத்தால் இழுவையும் இளைக்கும். நம் எஸ்டீமுக்கு டைட்டானியம் வேண்டாம் என்பதைப் பையன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்!

ஐ-யா, எச்-சா?

சரி, அவன் கேள்விக்கு வருவோம். ராடைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐ எழுத்து மாதிரி இருப்பது ஐ-பீம். கம்பெனியிலிருந்து வரும் கார்களில் பெரும்பாலும் இதுதான். எச் எழுத்து மாதிரி இருப்பது எச்-பீம். அமெரிக்காவில் ஃப்ரெட் கரில்லோ என்பவர் ரேஸ் உலகத்தில் இதைப் பிரபலமாக்கினார். அதன்பிறகு உலகம் முழுக்க ‘எச்-பீம் என்றால் ரேஸ்’ என்று ஆகிவிட்டது. பார்க்கவும் அழகாக இருக்கும்.

என் அனுபவத்தில், நன்றாகச் செய்த ஐ-பீம், சுமாராகச் செய்த எச்-பீமைவிட எவ்வளவோ மேல். இரண்டுமே நல்ல கைவேலையாக இருந்தால், நம் ஊர் கார்களுக்கு எது போட்டாலும் ஓடும். எழுத்தை வைத்துச் சண்டை போடுவது நேர விரயம்.

‘ஃபோர்ஜ்டு’ என்ற வார்த்தையும் அப்படியே. எஃகைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்துச் செய்தால் அது ஃபோர்ஜ்டு. எத்தனையோ சாதாரண கார்களில் கம்பெனி ராடே அப்படிச் செய்ததுதான். என்ன எஃகு, எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள், எவ்வளவு துல்லியமாகக் கடைந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். ரேஸ் ராடுகளில் 4340 என்ற எண்ணுள்ள எஃகு சகஜம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்தது. ஆனால் பெட்டியில் 4340 என்று அச்சடிக்க யாருக்கும் எஃகு தேவையில்லை, பிரின்டர் போதும்.

அலுமினியம் ராடும் உண்டு. அமெரிக்காவின் டாப் ஃப்யூவல் டிராக் ரேஸ் கார்களில் போடுகிறார்கள். அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஆயுள் குறைவு. சில வினாடி ஓட்டத்துக்கு அது சரி. உங்கள் ஆர்.எக்ஸ்.100-க்கு என்ன ராடு என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு: டூ-ஸ்ட்ரோக்கில் ராடு ஒரே துண்டு, போல்ட்டே கிடையாது. அது தனிக் கதை, இன்னொரு வாரம்.

ஆணியில் தொங்கும் ராடு

இந்த இடத்தில்தான் எழுந்துபோய் ஆணியிலிருந்து அந்த ராடைக் கழற்றி, பையன் கையில் கொடுத்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது எனக்கு அவனைவிட நாலைந்து வயதுதான் அதிகம். ஒரு ஃபியட்டை ரேஸுக்குத் தயார் செய்தேன். கேம் மாற்றி, கார்புரேட்டர் மாற்றி, 7,000 ஆர்.பி.எம். வரை சுற்றும்படி ஆக்கியிருந்தேன். ராடுகளைப் பளபளவென்று பாலிஷ் போட்டேன். ஆனால் பழைய போல்ட்டையே திருப்பிப் போட்டேன். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். டார்க் ரெஞ்ச் இருந்தும், ‘என் கைக்குத் தெரியாத கணக்கா’ என்று கையாலேயே முறுக்கினேன்.

நாலு சுற்று ஓடியது. ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து வளைவுக்காக ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அந்தக் கணத்தில்தான் போனது. நிறைய பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அழுத்தும்போது அல்ல, காலை எடுக்கும்போதுதான் பல ராடுகள் போகும். வேகம் உச்சத்தில் இருக்கும், வெடிப்பின் தாங்கல் இருக்காது, முழுக்க இழுவை.

ஒரு போல்ட் அறுந்தது. ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொதிக்கும் ஆயில் சைலன்ஸர் குழாயில் கொட்டித் தீப்பிடித்தது. பின்னால் வந்த கார் அந்த ஆயிலில் வழுக்கிச் சுழன்று டயர் சுவரில் மோதி நின்றது. அதில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஓட்டுநரின் இடது கை வெந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போதும் பட்டறைக்கு வந்து டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அந்த ராடைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

பையன் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ராடின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கீழ்முனை மட்டும் வாய் பிளந்திருந்தது. “பாலிஷ் நல்லா இருக்கு மாமா” என்றான் மெதுவாக. கிண்டலா என்று பார்த்தேன். இல்லை.

ராடு போல்ட் என்பது வெறும் ஆணி இல்லை. அது ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது கொஞ்சம் நீளுகிறது. அந்த நீட்சிதான் இரண்டு துண்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. பிஸ்டன் இழுக்கும் இழுவையைவிட போல்ட்டின் பிடி எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் மூட்டு லேசாகத் திறந்து மூடும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அறுவது மாதிரி போல்ட்டும் அறும். டார்க் ரெஞ்ச் முறுக்கைத்தான் அளக்கும். அதில் பெரும்பங்கு உராய்வுக்கே போய்விடும். மரையில் சாதாரண ஆயில் போட்டால் ஒரு கணக்கு, போல்ட்டோடு வரும் கிரீஸ் போட்டால் வேறு கணக்கு. அதனால் நல்ல கம்பெனிகள், போல்ட் எவ்வளவு நீள வேண்டும் என்பதையே தாளில் எழுதிக் கொடுக்கும். பெரும்பாலும் ஒரு மி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு அளவு. முறுக்குவதற்கு முன்னும் பின்னும் நீளத்தை அளந்து பார்க்கிற கேஜ் இருக்கிறது.

லங்கா கார்னர் தண்ணீர்

புது ராடு வாங்குவதற்கு முன், பழைய ராடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று ஹெட்டைக் கழற்றினோம். நாலு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைத்தேன். மூன்றாவது பிஸ்டன் மற்றதைவிட அரை மி.மீ. கீழேயே நின்றுவிட்டது.

“இந்த வண்டி எப்பவாச்சும் தண்ணியில நின்னுச்சா?” என்று கேட்டேன்.

அப்பாவின் முகம் மாறியது. நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு மழையில், லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் வண்டி அணைந்திருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். அப்புறம் தள்ளிக்கொண்டு வந்து, காயவைத்து, திரும்ப ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷமாக ஓட்டியிருக்கிறார். கல்யாணம், கோயில், ஊட்டி என்று குடும்பத்தோடு அந்த வளைந்த ராடிலேயே போய் வந்திருக்கிறார்கள்.

ரேஸ் பற்றிக் கவலைப்படாதவர்களும் இதை மட்டும் மனசில் வையுங்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தபின் எஞ்சின் சுற்றினால் ராடுதான் வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் இப்படிப் போயின. தண்ணீரில் அணைந்தால் சாவியைத் தொடாதீர்கள். இழுத்துக்கொண்டு வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

“நிமிர்த்திப் போட முடியாதா அண்ணா?” என்றார் அப்பா. செலவு பயம், பாவம். முடியாது என்றேன். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எஃகு, உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வண்டிக்கே நான் செய்யமாட்டேன்.

கடைசியில் என்ன வாங்கினோம்?

பையனின் முதல் திட்டத்தில் டர்போவும் இருந்தது. டர்போ போட்டால் இழுவை கூடாது, நசுக்கல்தான் கூடும். பெட்ரோல் கணக்கோ இக்னிஷன் டைமிங்கோ கொஞ்சம் தப்பினால் எஞ்சின் ‘நாக்’ அடிக்கும். அந்த அடியில் பிஸ்டனும் போகும், ராடும் வளையும். கற்றுக்கொள்கிற பையனுக்கு முதல் எஞ்சினிலேயே அது வேண்டாம் என்றேன். ஒருநாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான். டர்போ இல்லை, கேம் மட்டும் மாற்றுவது, 7,500-க்கு மேல் சுற்றாமல் லிமிட்டர் வைப்பது என்று முடிவானது. அந்த வேகத்தில் இழுவை சுமார் 1,250 கிலோ. வெறும் 6,500 என்றால் கம்பெனி ராடே புதிதாக வாங்கிப் போடச் சொல்லியிருப்பேன். 7,500-க்கு நல்ல ராடு வேண்டும்தான்.

இன்னொன்றையும் கறாராகச் சொன்னேன். இந்த வண்டி இனி ரோட்டில் ஓடாது, ட்ரெய்லரில்தான் போகும். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. ட்ராக்குக்கு வேறு கணக்கு.

இரண்டு செட் ராடு தேடிப் பிடித்தான். ஒன்று எச்-பீம், கண்ணாடி மாதிரி மின்னியது. எந்த போல்ட் என்று பெயரில்லை. எவ்வளவு நீள வேண்டும் என்ற தாளில்லை. இன்னொன்று ஐ-பீம், மங்கலான சாம்பல் நிறம். ஆனால் போல்ட்டின் பெயர், நீட்சி அளவு, ராடின் எடை எல்லாம் எழுதியிருந்தது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். பையன் என்னைக் கேட்காமலேயே இரண்டாவதைக் காட்டினான்.

ஆர்டர் போடுவதற்கு முன் ராடின் நீளம், பின் அளவு, கீழ்முனையின் அகலம் மூன்றையும் நம் எஞ்சினில் அளந்துகொண்டோம். பல பழைய கார்களில் பின் ராடுக்குள் இறுக்கமாக அடித்து ஏற்றியிருக்கும். ரேஸ் ராடுகளில் வெண்கல புஷ்ஷுக்குள் பின் சுதந்திரமாகச் சுற்றும். அதற்கு, பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் உள்ள பிஸ்டன் வேண்டும். ராடை வாங்கிவிட்டுப் பிஸ்டன் பொருந்தவில்லை என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு.

பெட்டி வந்ததும் நேரே எஞ்சினுக்குள் போகவில்லை. போல்ட்டை முறுக்கி, கீழ்முனையின் உள்வட்டத்தை நாலு திசையில் அளந்தோம். மூன்று சரி, ஒன்று கொஞ்சம் கோழிமுட்டை. லேத்துக்காரரிடம் கொடுத்து ஹோன் பண்ணி வாங்கினோம். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடிப் பருமனைவிடக் குறைவு. அதில்தான் ஆயில் ஓட வேண்டும். அப்புறம் பையன் பக்கத்துத் தெரு நகைக்கடைக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி, நாலு ராடையும் தங்கத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தான். ஒன்றுக்கொன்று 2 கிராம் வித்தியாசம். கடைக்காரர் ஹால்மார்க் இருக்கா என்று கேட்டாராம்.

இப்போது எட்டு போல்ட்டுக்கும் நம்பர் போட்டு, ஒரு நோட்டில் ஒவ்வொன்றின் நீளத்தையும் பையனே எழுதுகிறான். முறுக்கும் முன், முறுக்கிய பின், தளர்த்திய பின். தளர்த்தியதும் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். 0.025 மி.மீ. கூடியிருந்தாலே அந்த போல்ட் குப்பைக்குப் போக வேண்டும். ஏழு திரும்பியது. ஆறாம் நம்பர் 0.03 கூடிவிட்டது.

வேறு ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த ஒரு போல்ட்டுக்காகப் பத்து நாளாக எஞ்சின் மேஜை மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. பையன் தினமும் காலேஜ் விட்டதும் வந்து, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் வரலியா மாமா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறான்.